விற்பனையில் நூற்றுக்கு ஒன்று

காட்டையும் கடலையும் காக்கப் போராடும் சிறு குழுக்களுக்குக் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பங்கு போகிறது. இது ஒரு மீனும் இரண்டு கடைகளும் சேர்ந்த கதை.

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே கடலோரத்தில் இருக்கும் ஊர் வென்ச்சுரா. 1970-களின் தொடக்கத்தில் ஒரு நாள் அங்கே நகர்மன்றக் கூட்டம். ஊர் ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் திருத்திக் கட்டடங்கள் எழுப்ப ஒரு திட்டம் வந்திருந்தது. நிபுணர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஆறு செத்துப்போய்விட்டது, இனிமேல் கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை என்றார்கள்.

அவர்கள் பேசி முடித்ததும் மார்க் கபெல்லி என்ற மாணவர் ஸ்லைடுகளோடு முன்னால் வந்தார். அவர் பெரிதாகப் பேசவில்லை. படங்களைப் போட்டுக்கொண்டே போனார். ஆற்றோர மரங்களில் பறவைகள், தண்ணீருக்குள் பாம்பு, விலாங்கு. கடைசியாகக் கடலுக்குப் போகக் காத்திருந்த ஸ்டீல்ஹெட் மீன் குஞ்சுகள். செத்துப்போன ஆற்றில் மீன் குஞ்சு பொரித்திருக்கிறது! கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தத் திட்டம் அத்தோடு படுத்துவிட்டது.

கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் உள்ளூர்ப் பட்டறை முதலாளி இவோன் ஷுனார்ட். பாறை ஏறுபவர்கள் அடித்து இறுக்கும் இரும்பு முளைகளைத் தானே உலையில் காய்ச்சி, காரின் பின்பக்கத்தில் வைத்து விற்று வளர்ந்தவர். ஆற்றின் மேல் கொண்ட பாசம் அவரை அங்கே கொண்டுவரவில்லை. அவரும் நண்பர்களும் அலைச்சறுக்கு ஆடுவது அந்த முகத்துவாரத்தில்தான். கட்டடம் வந்தால் அலை கெட்டுவிடுமே என்ற சுயநலக் கவலை. அதை அவரே தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கூட்டம் முடிந்து அவர் கபெல்லிக்குக் கொடுத்தவை: பட்டறையில் ஒரு மேஜை, ஒரு தபால் பெட்டி, ஆற்றுக்காகப் போராடக் கொஞ்சம் பணம். விழா கிடையாது, காசோலையைப் பெரிதாக அச்சடித்துக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ கிடையாது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் பின்பற்றும் ஒரு வழக்கத்துக்கு அந்த மேஜையும் ஒரு தொடக்கம்.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மீன்

ஸ்டீல்ஹெட்டை நாம் பார்த்ததில்லை. ஆனால் அதன் உறவுக்காரனைச் சிலர் பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, அவலாஞ்சி பண்ணையில் வளர்க்கப்பட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம். ட்ரவுட் பிறந்த ஓடையிலேயே தங்கிவிடும். ஸ்டீல்ஹெட் மலைக்காட்டு ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெரிதாகி, முட்டையிட மறுபடி அதே மலைக்கு எதிர்நீச்சல் போட்டுவரும்.

மேலே மரத்தை வெட்டினால் ஓடை சூடேறி அதன் குஞ்சு சாகும். நடுவில் அணை கட்டினால் வழி அடைபடும். கீழே முகத்துவாரத்தைத் தூர்த்தால் வாசலே மூடிவிடும். ஒரு காலத்தில் 4,000, 5,000 என்று வென்ச்சுரா ஆற்றில் ஏறிய மீன், அந்தக் கூட்டம் நடந்தபோது சில பத்துகளில் வந்து நின்றிருந்தது. 1997-ல் தென் கலிஃபோர்னிய ஸ்டீல்ஹெட்டை அழிவின் விளிம்பில் உள்ள உயிராக அமெரிக்க அரசு அறிவித்தது. காட்டுக்கு ஒரு துறை, கடலுக்கு ஒரு துறை என்று கோப்பைப் பிரிக்கும் அரசாங்கத்துக்குத்தான் எல்லைக் குழப்பமெல்லாம். மீனுக்கு இரண்டும் ஒரே வீடு.

லாபத்திலா, விற்பனையிலா?

ஷுனார்டின் பட்டறை 1973-ல் 'படகோனியா' என்ற துணி நிறுவனமாகக் கிளை விட்டது. 1980-களின் நடுவில் லாபத்தில் 10 சதவீதத்தைச் சூழல் குழுக்களுக்கு ஒதுக்கினார்கள். பிறகு அதை விற்பனையில் 1 சதவீதம் என்று மாற்றினார்கள். கேட்பதற்குப் பத்து ஒன்றாகச் சுருங்கியது போலத்தான் இருக்கும்.

நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு மளிகைக் கடை. சரக்கு, வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில், வட்டி எல்லாம் போக 8 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 3,20,000 ரூபாய். லாபத்தில் 1 சதவீதம் தருகிறேன் என்றால் 3,200 ரூபாய். கடைக்கு ஆயுதபூஜை போடும் செலவுக்கே காணாது. விற்பனையில் 1 சதவீதம் என்றால் 40,000 ரூபாய். முதலாளி சம்பாதித்ததில் எட்டில் ஒரு பங்கு! லாபத்தில் 10 சதவீதம் என்று பெருமையாகச் சொன்னாலும் 32,000-தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. லாபம் ஆடிட்டர் கையில் இருக்கிறது. கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் கடன் என்று எழுதி அதைக் குறைத்துக் காட்டலாம். விற்பனை பில்லில் இருப்பதால் மறைக்க இடமில்லை. நஷ்டம் வந்த வருடத்திலும் விற்பனை என்று ஒன்று இருக்கும், அதற்கான பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும். மிஞ்சியதைக் கொடுத்தால் அதற்குப் பெயர் தானம். வாடகை மாதிரி முதலிலேயே எடுத்து வைக்கும் பணம் செலவுக் கணக்கில் சேரும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

கஷ்ட காலமும் வந்தது. 1991-ல் விற்பனை எதிர்பார்த்த அளவு ஏறாமல் 120 பேரை, அதாவது ஐந்தில் ஒருவரை, படகோனியா வீட்டுக்கு அனுப்பியது. வேலை போனவர்களுக்கு ஆற்றின் மீனைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. இந்த நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அந்த வருடத்தைச் சட்டென்று தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

பூச்சி கட்டும் கடை

இரண்டாவது கடை நிஜமாகவே சின்னது. மொன்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாசலில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற குட்டி ஊர். அங்கே 'ப்ளூ ரிப்பன் ஃப்ளைஸ்' என்ற தூண்டில் கடையை நடத்தினார்கள் க்ரெய்க் மாத்யூஸ், ஜாக்கி மாத்யூஸ் தம்பதி. க்ரெய்க் அதற்கு முன் அந்த ஊரின் போலீஸ் தலைவராக இருந்தவர்.

அவர்கள் விற்றது போலிப் பூச்சி. உயிருள்ள புழுவைக் கோக்காமல், முள்ளின் மேல் நூலும் மயிரும் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்து மீனை ஏமாற்றும் தூண்டில் அது. க்ரெய்க்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஸ்பார்க்கிள் டன்' என்ற பூச்சியைப் பாருங்கள். மான் மயிரை விசிறி போல விரித்துக் கட்டியது சிறகு. பின்னால் மினுமினுக்கும் செயற்கை இழை கொஞ்சம், வாலுக்குப் பதிலாக. தண்ணீரில் பூச்சி தன் பழைய தோலைவிட்டுப் பாதி வெளியே வந்த கணத்தை அந்த இழை காட்டுகிறது. அந்த நொடியில் பூச்சியால் பறக்க முடியாது என்பது மீனுக்குத் தெரியும். ஆறு, பூச்சி, மீன் மூன்றையும் வருடக்கணக்கில் குனிந்து பார்த்தவரால்தான் இப்படி ஒன்றைக் கட்ட முடியும்.

இந்தக் கடைக்காரருக்கு ஆறு கெட்டால் கடை கெட்டது. அருகில் ஓடும் மாடிசன் ஆற்றில் மீன் இல்லையென்றால் பூச்சியை யார் வாங்குவார்? அதனால் அவரும் தன் விற்பனையில் ஒரு பங்கை ஆற்றுக்காக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஷுனார்டும் அவரும் தூண்டில் நண்பர்கள். கொடுப்பதால் வியாபாரம் குறையவில்லை, வாடிக்கையாளர் கூடியிருக்கிறார்கள் என்பது இரண்டு பேரின் அனுபவமும். மற்ற வியாபாரிகளையும் சேர்த்தால் என்ன என்ற பேச்சிலிருந்து 2002-ல் 'ஒன் பர்சென்ட் ஃபார் த பிளானட்' என்ற அமைப்பு பிறந்தது. பெரிய துணி நிறுவனமும் சின்ன தூண்டில் கடையும் ஒரே விதியில் கையெழுத்துப் போட்டன.

---
பெட்டிச் செய்தி: 'ஒரு சதவீதம்' எப்படி நடக்கிறது?

கணக்கு விற்பனையின் மேல்தான், லாபத்தின் மேல் இல்லை.

அமைப்பு நடுவில் நின்று பணத்தை வசூலித்துப் பங்கிடுவதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட சூழல் குழுக்களில் தனக்குப் பிடித்ததை வியாபாரி தேர்ந்தெடுத்து நேரடியாகக் கொடுக்கலாம்.

ஆண்டு முடிவில் விற்பனைக் கணக்கையும் நன்கொடை ரசீதையும் காட்ட வேண்டும். காட்டினால்தான் பொருளின் மேல் சின்னத்தைப் போடலாம்.

பங்கு முழுவதும் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியைப் பொருளாகவும் ஊழியர் உழைப்பாகவும் தரலாம்.

பாடகர் ஜாக் ஜான்சன் போன்ற கலைஞர்களும் உறுப்பினர்கள்.

இதுவரை போய்ச் சேர்ந்த மொத்தத் தொகை 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

---

மகமை தெரிந்தவர்களுக்கு இது புதிதா?

ஆசிரியர் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்த சொல் மகமை. விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பழைய வியாபாரிகளிடம் கேட்டால் சொல்வார்கள். பேட்டைக்குள் வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைக்கும் வழக்கம் அது. அந்த மூட்டையில் லாபம் வந்ததா, கையைக் கடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. சரக்கு நகர்ந்தால் மகமை உண்டு. நாடார் உறவின்முறைகள் இந்தப் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டின. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். நகரத்தார் கணக்கிலும் மகமைக்கு இடம் உண்டு.

அமெரிக்காவில் 2002-ல் எழுதப்பட்ட விதியை, மூட்டைக் கணக்கில் நம் பேட்டைகள் எப்போதோ எழுதிவிட்டன. ஒரு வித்தியாசம் உண்டு. மகமை தன் சமூகத்துக்காக எடுத்தது, அந்தக் காலத்தில் அதற்கு அவசியமும் இருந்தது. ஆற்றுக்கும் மீனுக்கும் உறவின்முறை கிடையாது. அவற்றுக்காக மூட்டையில் கைவைக்க ஆள் வேண்டும்.

---
பெட்டிச் செய்தி: நம் சட்டம் என்ன சொல்கிறது?

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு பெரிய நிறுவனங்களுக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய்: இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினால், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சூழல் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. அளவுகோல் லாபம்தான். தெருமுனைக் கடையை இந்தச் சட்டம் தொடுவதில்லை.

---

வாடகைக்கும் வக்கீலுக்கும்

இந்தப் பணம் போய் என்ன செய்கிறது? மரக்கன்று நடுவதுதான் சூழல் நன்கொடை என்று நமக்குப் பழகிவிட்டது. கன்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சம் மங்கினாலும் பரவாயில்லை, ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்கிற ஊரில் அது புரிந்துகொள்ளக்கூடியதே.

அமெரிக்கக் காட்டுச் சட்டத்தின் கதை வேறு. 'தி வில்டர்னஸ் சொசைட்டி' 1935-ல் தொடங்கிய அமைப்பு, சந்தாவிலும் நன்கொடையிலும் நடந்தது. அதில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் ஹோவர்ட் ஸானிஸர். வனப்பகுதிகளைச் சாலையும் கட்டடமும் இல்லாமல் அப்படியே விட்டுவைக்க ஒரு சட்டம் வேண்டும் என்று மசோதாவை எழுதினார். திருத்தித் திருத்தி 66 வரைவுகள். கோட்டின் உள்பக்கம் பெரிய பைகளைத் தைத்து அவற்றில் மசோதா நகல்களை அடைத்துக்கொண்டு அரசியல்வாதிகளைத் தேடிப் போவாராம். 1964 மே மாதம் இறந்துபோனார். செப்டம்பர் 3-ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் நாளில் பாதுகாப்புக்குள் வந்தது 91 லட்சம் ஏக்கர். இன்று 11 கோடி ஏக்கருக்கு மேல். யாரோ கட்டிய சந்தா ஒரு மனிதனின் மாதச் சம்பளமாகி, அந்தச் சம்பளம் 66 வரைவாகி இருக்கிறது. இதைப் படம் எடுத்து மாட்ட முடியாது.

கடல் பக்கமும் இப்படித்தான். மாலிபு கடற்கரையில் தங்கள் அலையைக் காப்பாற்ற 1984-ல் அலைச்சறுக்குக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது 'சர்ஃப்ரைடர் ஃபவுண்டேஷன்'. தொழிலதிபர்கள் சங்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வடக்கு கலிஃபோர்னியாவில் ஹம்போல்ட் கடற்கரையோரம் இரண்டு காகிதக்கூழ் ஆலைகள் கழிவைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தன. சுத்தநீர்ச் சட்டத்தைக் காட்டி இந்தச் சிறு அமைப்பு வழக்குப் போட்டது. 1991-ல் முடிந்த வழக்கில் ஆலைகள் 58 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

காட்டுக்காகக் கடைகள் கூட்டுச் சேர்ந்ததும் உண்டு. 1989-ல் முகாம், மலையேற்றச் சாமான் விற்கும் நான்கு நிறுவனங்கள் தலா 10,000 டாலர் போட்டு 'கன்சர்வேஷன் அலையன்ஸ்' என்று தொடங்கின. நால்வரும் சந்தையில் போட்டியாளர்கள். கூடாரம் விற்க வேண்டுமென்றால் கூடாரம் போட ஒரு காடு மிச்சம் இருக்க வேண்டும் என்ற அளவில் ஒத்துப்போனார்கள்.

அமெரிக்கர்கள் கொடுக்கும் மொத்த நன்கொடையில் சூழலுக்கும் விலங்குகளுக்கும் போவது 3 சதவீத அளவுதான். பெரும்பகுதி மதம், கல்வி, ஏழைகளுக்கான உதவி என்று போகிறது. அதனால்தான் சிறு குழுவுக்குக் கடைக்காரர் தரும் சில நூறு டாலர்கூடக் கனக்கிறது. அதிலும் இன்ன வேலைக்குத்தான் என்று முடிச்சுப் போடாமல் தரும் பணம். டெலிபோன் பில்லுக்கும் வாடகைக்கும் கொடுக்க யாருக்கும் மனசு வராது. கபெல்லிக்குக் கிடைத்த மேஜையின் அருமை அதுதான்.

சட்டையிலிருந்து கடலுக்கு

இனி மறுபக்கம். விற்பனையில் பங்கு என்றால், நிறைய விற்றால்தான் நிறையப் பங்கு. நிறைய விற்க நிறையச் செய்ய வேண்டும், செய்ய நூலும் சாயமும் எண்ணெயும் வேண்டும். மீனுக்குக் கொடுக்கும் காசு மீனின் தண்ணீரைக் கெடுத்துச் சம்பாதித்ததாக இருந்தால்?

இதற்குப் படகோனியாவே உதாரணம். அதன் பெயரைப் பரப்பிய பஞ்சுபோன்ற 'ஃப்ளீஸ்' மேல்சட்டை பிளாஸ்டிக் இழையால் ஆனது. துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகின்றன. எவ்வளவு உதிர்கிறது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா ஆய்வாளர்களிடம் அந்த நிறுவனமே காசு கொடுத்து ஆராயச் சொன்னது. சட்டை உதிர்வது உண்மை, பழசானால் இன்னும் கூடுதலாக உதிர்கிறது என்று பதில் வந்தது. கடலுக்கு நன்கொடை தரும் அதே கடை, கடலுக்கு இழையையும் அனுப்பிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்துத் தன் குற்றத்தைத் தானே கண்டுபிடிக்கச் சொன்னதைப் பாராட்டலாம். அதனால் இழை கடலைவிட்டு வெளியே வந்துவிடாது.

2011 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் தன் மேல்சட்டையின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று அந்த நிறுவனம் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அதற்குப் பிறகு விற்பனை ஏறியதே தவிர இறங்கவில்லை. 2016-ல் நன்றி கூறும் நாளுக்கு மறுநாள், அங்கே ஆண்டின் பெரிய வியாபார நாள், அன்றைய விற்பனை முழுவதையும் சூழல் குழுக்களுக்குத் தருவதாக அறிவித்தது. 20 லட்சம் டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ஒரு கோடி டாலர். தர்மமும் விளம்பரமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

2022 செப்டம்பரில் ஷுனார்ட் குடும்பம், சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனத்தையே கைவிட்டது. வாக்குரிமைப் பங்குகள் ஓர் அறக்கட்டளைக்கும், மீதி 98 சதவீதம் சூழல் பணிக்கான ஓர் அமைப்புக்கும் போயின. உலகம் கைதட்டியது. இந்த ஏற்பாட்டில் பெரும் வரியும் மிச்சமானது, அந்த அமைப்பு அரசியல் செலவும் செய்யலாம் என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எந்தக் காட்டைக் காப்பது என்பதை வரி கட்டும் மக்கள் முடிவு செய்வதற்கும், ஒரு குடும்பம் ஏற்படுத்திய அமைப்பு முடிவு செய்வதற்கும் வித்தியாசம் உண்டு.

தூண்டில் கடைக்கு இந்தத் தலைவலிகள் குறைவு. அதன் பங்கு சிறியது, யாருக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். ஏமாற்றினால் மறுநாள் ஆற்றங்கரையில் அதே ஆட்களின் முகத்தில் முழிக்க வேண்டும். என் ஓட்டு அந்தக் கடைக்குத்தான்.

கத்தரிக்கோல் வரைந்த அணை

வென்ச்சுராவுக்கே திரும்புவோம். முகத்துவாரம் தப்பியது. மீன்?

ஆற்றின் மேல்பகுதியில், மலைக்குள் மாட்டிலிஹா அணை நிற்கிறது. 1947-ல் கட்டியது. அதன் நீர்த்தேக்கம் வண்டலால் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் சுமார் 80 லட்சம் கன கெஜம் மண். மீன் மேலே போக முடியவில்லை, மணல் கீழே வர முடியவில்லை. மணல் வராத கடற்கரையை அலை அரிக்கிறது. ஷுனார்ட் காப்பாற்ற நினைத்த அலைச்சறுக்குக் கரையில் சைக்கிள் பாதையே இடிந்து விழுந்தது. கடைசியில் பாதையையும் வண்டி நிறுத்துமிடத்தையும் பின்னுக்கு நகர்த்தும் வேலை நடந்தது. அதன் முதல் கட்டம் 2011-ல் முடிந்தது.

அதே 2011-ல் ஒரு நாள் விடிந்தபோது, அணையின் நெஞ்சில் மேலிருந்து கீழாகப் புள்ளிக்கோடும் ஒரு ராட்சசக் கத்தரிக்கோலும் வரையப்பட்டிருந்தன. இங்கே வெட்டவும் என்று பாக்கெட்டில் போட்டிருக்குமே, அந்த மாதிரி.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஊரில் சாட்சி இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014-க்குள் எடுத்தார்கள். தேங்கிக் கிடந்த மண் ஆற்றோடு இறங்கி முகத்துவாரத்தில் புதுக் கரையையே போட்டது. மீன்கள் பழைய அணைகளைத் தாண்டி மேலே ஏறின.

மாட்டிலிஹா அணையை எடுக்க வேண்டும் என்ற பேச்சு 1990-களின் இறுதியிலிருந்து நடக்கிறது. குழுக்கள் நன்கொடையில் கூட்டம் போடுகின்றன, ஆய்வுக்கு ஆள் பிடிக்கின்றன, அதிகாரிகளை விடாமல் நச்சரிக்கின்றன. ஆனால் அணையை இடிக்கும் செலவு கடைக்காரர்களின் பங்கில் வரும் தொகை இல்லை. அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும்.

உங்கள் ஊர்க் கடையிலும் இப்போது இயற்கைக்கு ஒரு பங்கு என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பைகள் வந்துவிட்டன. அடுத்த முறை பையை வாங்கும்போது கல்லாவில் இருப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். லாபத்திலா, விற்பனையிலா? எந்தக் குழுவுக்கு? போன வருட ரசீது இருக்கிறதா?